பூஜ்யம் புள்ளி மூன்று எட்டு

ரெண்டு நாள் ஓட்டாமல் விட்டால்
மூன்றாம் நாள் செல்ஃப் எடுக்காது.
கதவைத் திறந்தால் உள் விளக்கு எரியாது.
எரியவே எரியாது என்றும் சொல்ல முடியாது:
மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் தோண்டிய பள்ளத்தில்
ஒரு குலுக்கு குலுக்கினால்
தானாக எரியும்,
என் மடியையும் டிபன் பையையும் பார்த்துவிட்டு
அணைந்துகொள்ளும்.

"கடல் காத்து மேடம், எர்த்து புடிக்காது"
என்றார் விற்றுக்கொடுத்த புரோக்கர்,
போனை வைக்கிற அவசரத்தில்.
ரெண்டாயிரத்து எட்டு சான்ட்ரோ. எண்பத்தைந்தாயிரம்.
ஆர்.சி.யில் நான் மூன்றாவது பெயர்.

ஞாயிற்றுக்கிழமை. வியாசர்பாடி.
கஜபதியின் கடை என்பது ஒரு தார்ப்பாய், ஒரு பெஞ்சு,
மேலே ரயில் போகும்போது பேச்சை நிறுத்திக் காத்திருப்பது.
பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி
நடுவில் மீட்டரை வைத்தார்.
சாவி என் கையில். நாலு கதவும் சாத்தியாயிற்று.
தூங்க வேண்டிய வண்டி
பூஜ்யம் புள்ளி மூன்று எட்டு ஆம்பியர்
குடித்துக்கொண்டிருந்தது.
"பாத்தியாக்கா, நைட்டெல்லாம் எவனோ
உள்ள குந்திகினு சாப்புடுறான்."

பீஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.
ஹாரன். அதே மூன்று எட்டு.
வைப்பர். அதே.
ஏழாவது பீஸ், பீஸே இல்லை.
உடைந்த பிளாஸ்டிக்கில் செம்புக் கம்பி, மூன்று சுற்று.
அதை இழுத்ததும் மீட்டர் இறங்கிப் படுத்துக்கொண்டது.
கஜபதிக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.
"போவவே கூடாதுன்னு கட்டிக்கிறாங்க.
பீஸுன்னா போவணும்க்கா. அதுக்குத்தான் அது.
வண்டியே எரிஞ்சிருக்கும்."

விளக்குக்குப் போகிற வயரில் ஒட்டுப்போட்டு
ஒரு சிவப்பு வயர் கிளம்பி
கதவுத் தூணுக்குள் இறங்கி, கம்பளத்துக்கு அடியில் ஓடியது.
ஒட்டுப்போட்ட இடத்தில் சுற்றியிருந்தது
கறுப்பு டேப் இல்லை, ஆஸ்பத்திரி பிளாஸ்திரி.
பின் சீட்டைத் தூக்கினார்.
இட்லித் தட்டளவில் ஒரு இன்வெர்ட்டர் பெட்டி.
கம்பியை மறுபடி சொருகினால்
பச்சைப் பொட்டு விளக்கொன்று கண் திறந்தது.

"லேப்டாப்புக்கு இருக்கும்" என்றார்.
அப்புறம், "பாட்டுப் பொட்டிக்கு."
நான் சீட்டு இடுக்கில் விரலை விட்டேன்.
ஒரு ரூபாய். முறுக்குத் தூள்.
கழுத்து திருகிய குட்டிப் பிளாஸ்டிக் குப்பி.
இன்னொன்று. ஐந்து.
"கண்ணு மருந்தா?"

ஸ்டான்லிக்கு எதிரே மருந்துக்கடையில்
பதினோரு வருடமாக நிற்கிறேன்.
தடவிப் பார்த்தே சொல்வேன்.
மாஸ்க் மாட்டி, மெஷின் போட்டு,
புகையாக மூச்சில் இழுப்பது.
செம்புக் கம்பியை வாங்கிப் பார்த்தேன்.
மூன்று சுற்று. நாலாவது சுற்றுக்கு
நீளம் போதாமல் மடித்து விட்டிருந்தது.

முதல் பெயர் மெர்சிலின், எர்ணாவூர்.
இரண்டாவது ஒரு ஆண், தாங்கல்.
யாருடைய மூச்சு, தெரியாது.
தேவை முடிந்து விற்றிருப்பார்கள்.
முடிவதில் ரெண்டு விதம் உண்டு,
ஆர்.சி.யில் அதற்குக் கட்டம் இல்லை.

"வெட்டிரவா?"
கேட்கும்போதே பிளையர் வயரைக் கவ்வியிருந்தது.
வெட்டுங்க என்றேன்.
வேறென்ன சொல்ல.
பெட்டியைக் காயலான் கடையில் போட்டால் எண்பது தருவான் என்றார்.
டிக்கியில், ஸ்டெப்னி பக்கத்தில் கிடக்கிறது.

புதன்கிழமை ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆயிற்று.
அன்றைக்குக் கடையில் ஒருத்தி
அந்தக் குப்பியே பத்து கேட்டாள்.
"எர்ணாவூரா?" வாய் முந்திக்கொண்டது.
"கொருக்குப்பேட்டை. ஏன்?"
"சும்மாதான்." சில்லறையை ரெண்டு தரம் எண்ணினேன்.

கதவு சுவிட்சில் உப்பு ஏறிப் பச்சை பூத்திருக்கிறதாம்.
நாற்பது ரூபாய் சாமான்,
கஜபதி புதுப்பேட்டை போகிற அன்றைக்குத்தான் வரும்.
அதுவரை திறந்தால் எரியாது.

நேற்று ராத்திரி மணலி ரோட்டில் அதே பள்ளம்.
எரிந்தது.
கண்ணாடியில் பின் சீட்டு முழுசாகத் தெரிந்தது.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்க அடிக்க
ரெண்டாவது கியரிலேயே போனேன்.